லண்டன் ரொம்பத் தூரம்

கரும்பலகையில் ‘ரிமோட்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினாள் கிளாரா டீச்சர். பாடப் புத்தகம் லண்டனிலிருந்து வருவது. இன்றைக்கென்று இந்தச் சொல்லா வந்து தொலைய வேண்டும்! அகராதியில் அதற்கு நான்கு அர்த்தம்: தொலைவில் இருப்பது, வெகு காலத்துக்கு முந்தையது, யாரோடும் ஒட்டாதவர், நடக்க வாய்ப்பே இல்லாதது. நான்காவதை நேற்று டாக்டர் வாயாலேயே கேட்டாயிற்று. மலைச்சரிவில் பாறை உருண்டு தலையில் அடிபட்ட அவள் கணவன் ரூபர்ட், தென் அட்லாண்டிக் கடலின் நடுவே கிடக்கும் ட்ரிஸ்டன் தீவின் சின்ன ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். கேப்டவுனுக்குக் கொண்டுபோனால் பிழைப்பான். அடுத்த கப்பலுக்கோ இன்னும் ஐந்து வாரம். "போற வர்ற கப்பலையெல்லாம் ரேடியோவுல கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கோம் கிளாரா. ஆனா யாராவது வர்ற சான்ஸ் ரொம்ப ரிமோட்" என்றிருந்தார் டாக்டர். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் பள்ளிக்கு வந்திருந்தாள்.

"இந்தச் சொல்லை வெச்சு நம்ம ஊரைப் பத்தி ஒரு வாக்கியம் எழுதுங்க."

ஒன்பது வயது டில்டா நோட்டை நீட்டினாள். ‘லண்டன் ரொம்ப ரிமோட்டான ஊர்.’

"தப்பு, டில்டா. நாமதான் தூரத்துல இருக்கோம்."

"நாம எங்க டீச்சர் தூரத்துல இருக்கோம்? இங்கதானே இருக்கோம்!"

வகுப்பே சிரித்தது. சிவப்புப் பேனாவை எடுத்த கிளாராவுக்கும், அந்த நிலையிலும், சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் மணி அடித்தது. மணி என்றால் தொங்கவிட்ட பழைய காஸ் சிலிண்டர். கடல் அமைதியாயிருந்தால் விடியற்காலையில் மீன்பிடிக்க அழைத்து அடிப்பார்கள். பகல் பதினோரு மணிக்கு, அலை இப்படிக் குதிக்கிற நாளில் அடித்தால் ஒன்றுதான். கப்பல்!

உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மண்வெட்டியைப் போட்டது போட்டபடி ஆண்கள் ஓடிவந்தார்கள். ரூபர்ட்டோடு பத்து வருடமாக முகம் கொடுத்துப் பேசாத அவன் அண்ணன் ஹார்வி, ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடித்திருந்தான்.

"நீயும் படகுல ஏறு, கிளாரா. முழிச்சா உன்னைத்தான் தேடுவான் அந்தக் கழுதை."

எந்த நாட்டுக் கோதுமைக் கப்பலோ! முன்பின் பார்த்திராத ஒருவனுக்காக, ஒரு பகல் ஒரு இரவு வழியை விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அது அனுப்பிய பதில்தான் தீவின் ரேடியோவுக்கு எட்டவில்லை. ஸ்ட்ரெச்சர் கயிற்றில் மேலேறி முடியும்வரை மாலுமிகள் மூச்சுவிடவில்லை. அவர்கள் பாஷை அவளுக்குத் தெரியாது. ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். கடவுளே, எவ்வளவு பெரிய கடல் இது, இவர்கள் காதில் எப்படி விழுந்தது!

கப்பல் நகர்ந்தது. ரூபர்ட்டின் மூச்சு சீராக ஏறி இறங்கியது. கோட்டுப் பையில் சிவப்புப் பேனா தட்டுப்பட்டது. டில்டாவின் நோட்டைத் திருத்தாமலே ஓடிவந்துவிட்டாள். முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாகத் தன் ஊரை வெளியிலிருந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தின் கூரை மறைந்தது. பிறகு எல்லாக் கூரைகளும். மேகம் சுற்றிய மலை மட்டும் விரல்நகம் அளவுக்கு நின்றது. கண்ணை மூடினால் அதுவும் தொலைந்துவிடுமோ என்று, கணவன் கையை விடாமல், இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.