வண்டி நின்ற இடம்

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று மெக்கானிக் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. லிஃப்டில் தூக்கி நிறுத்தியிருந்த என் காரின் கீழே நின்றுகொண்டு, டார்ச் வெளிச்சத்தில் டிஸ்க் தட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டினான். பள்ளம் இல்லை, விரிசல் இல்லை. கழற்றிய முன் சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தான். கறிக்கடைக்காரன் எடை காட்டுவதுபோல இருந்தது.

"புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு முதலாளி. பிரேக் சரியில்லன்னு எவன் சொன்னான்?"

எவனும் சொல்லவில்லை. எவனாவது சொல்ல மாட்டானா என்றுதான் அங்கே போயிருந்தேன். எங்கள் கடைத்தெருவில் அந்த மெக்கானிக்குக்குச் 'சந்தேகம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் தலையைச் சொறிந்துகொண்டு "சந்தேகம்தான்" என்று ஆரம்பிப்பான். ஹாரன் அடிக்கவில்லை என்று போனால் இன்ஜினையே சந்தேகப்படுவான். அப்பேர்ப்பட்டவன் அன்றைக்குப் பார்த்துச் சந்தேகமே இல்லாமல் பேசினான். என் நேரம்.

எனக்குத் தார்ப்பாய், கயிறு, பிளாஸ்டிக் விரிப்பு வியாபாரம். அண்ணனும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். எங்கள் குடும்பத்தில் குழந்தைகள் பேச்சு வருவதற்கு முன்பே விலையைக் கேட்டு முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டுவிடும். கடையில் ஒரு வழக்கம் உண்டு. கிழிந்த தார்ப்பாயை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், முள்கம்பி மேல் போட்டு இழுத்தது அவர்தான் என்று அப்பட்டமாகத் தெரிந்தாலும், "சரக்கு சரியில்லீங்க" என்று நாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம். பழியைச் சரக்கின் மேல் போட்டால் சரக்குக்கு வலிக்காது. வந்தவர் சண்டைக்குத் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகளையெல்லாம் விழுங்கிவிட்டு, ஏதோ பெரிய மனிதர்போல நிமிர்ந்து திரும்பிப் போவார். என் மனைவிக்கும் அதே வைத்தியத்தைச் செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். ஊசி குத்தக் குத்த நரம்பு வழுக்கி ஓடும் கிழவர்கள், ஊசியைப் பார்த்ததுமே அலறும் குழந்தைகள் என்றால் அவளைத்தான் அனுப்புவார்கள். இதே காரில்தான் போவாள். பின்சீட்டில் ஐஸ் பெட்டி இருக்கும், அதற்கும் சீட் பெல்ட் போட்டிருப்பாள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒரு லாரியைக் கடந்தபோது, அதன் மறுபுறத்திலிருந்து தோளில் தண்ணீர் கேனுடன் ஒருவர் சாலைக்குள் வந்துவிட்டார். கடைகளுக்குக் கேன் போடுகிறவர். இவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. ஆனால் அவரை இடித்த பிறகு நின்றது. அவர் அங்கேயே இறந்துபோனார். கேன் உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் நின்றதாம். உடையவில்லை, மூடிகூடத் திறக்கவில்லை என்று அன்று முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாளிலிருந்து அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் மேல் தப்பு என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. லாரிக்காரன் சாட்சி சொன்னான், கடைக்காரர்கள் சொன்னார்கள், போலீஸ் ஒப்புக்கொண்டது. இறந்தவரின் மச்சினன் வீட்டுக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அவசரக்காரர்மா அவரு. உங்க மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பில்லை, தப்பில்லை என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, அவள் துவைத்த துணிபோலச் சுருங்கிக்கொண்டே வந்தாள். வேலைக்குப் போவதை நிறுத்தினாள். ஐஸ் பெட்டி சமையலறை மூலைக்கு வந்து, அதன் மேல் வெங்காயக் கூடை ஏறியது. காரை விற்றுவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம். வேற யாராவது ஓட்டுவாங்க."

விலை கேட்டு வந்த இரண்டு பேரையும் ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். சாப்பிடும்போது கவனித்தேன், மேசைக்கு அடியில் அவளுடைய வலது கால் தரையை மிதிக்கும். குதிகால் ஊன்றியபடி இருக்கும், முன்பாதம் மட்டும் மெல்ல இறங்கி அழுந்தும், பிறகு எழும். தட்டைப் பார்த்தபடி பிசைந்துகொண்டே இருப்பாள். கால் தன் பாட்டுக்கு மிதிக்கும். அதைக் கண்டுகொள்ளாத மாதிரி கடைக் கதை பேசிப் பழகிக்கொண்டேன்.

அதனால்தான் சந்தேகத்திடம் கேட்டேன். "பிரேக் வீக்கா இருந்துச்சுன்னு வீட்ல வந்து ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"நல்லா இருக்கறதைக் கெட்டதுன்னு சொன்னா நாளைக்கு எவன் என்கிட்ட வண்டி விடுவான்?"

"சரி, பொய் வேணாம். இதைவிட நல்ல பிரேக் இருக்கா?"

"இதைவிட நல்லது எதுக்குத்தான் முதலாளி இல்ல?" துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அடுக்கினான். பெரிய டிஸ்க் போடலாம், பேடு வேறு ரகம் போடலாம், பின்னாலும் டிஸ்க்காக்கலாம், எல்லாவற்றுக்கும் மேல் நல்ல டயர் வேண்டும், சாலையைப் பிடிப்பது அதுதான். "ஆனா வீட்டுக்கும் கடைக்கும் ஓட்டற வண்டிக்கு இதெல்லாம் எதுக்கு? ஊர்ல ஓடற வண்டி மொத்தமும் உங்க வண்டி மாதிரிதான் நிக்குது."

விலை சொன்னான். சரி என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"பஞ்சருக்கே அரை மணி நேரம் பேரம் பேசற ஆளு நீங்க."

அன்றே வேலையைக் கொடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கடையில் அண்ணனிடம் சொன்னேன். கயிற்றை முழம் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே கேட்டார்.

"இந்த டப்பா வண்டிக்கு ரேஸ் வண்டி பிரேக்கா? அப்படியே நம்ம தராசுக்கும் ஏசி போட்டுடு."

"அவளுக்காகத்தான்."

அண்ணன் கயிற்றை வெட்டி முடிச்சுப் போட்டு வாடிக்கையாளரிடம் கொடுத்து அனுப்பினார். பிறகு என் பக்கம் பார்க்காமல், "அவளைக் கொஞ்ச நாள் சும்மா விடுடா" என்றார்.

"எத்தனை நாள்?"

எந்தச் சரக்கு எப்போது வரும் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் ஆள். இதைக் கேட்டதும் அடுத்த கயிற்றுச் சுருளை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நானே விற்பனையை ஆரம்பித்தேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டியை மெக்கானிக்கிட்ட காட்டினேன். பிரேக் அவ்வளவா பத்தாதுங்கறான்."

குழாயை மூடினாள். பல வாரங்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "போலீஸ்ல பாத்துட்டுச் சரியா இருக்குன்னு சொன்னாங்களே."

"சரியா இருக்கறது வேற, பத்தறது வேற. கம்பெனியிலேயே இந்த வண்டிக்கு அவ்வளவுதான் போட்டு அனுப்பறான். அந்த இடத்துல யார் ஓட்டியிருந்தாலும் வண்டி அங்கதான் போய் நின்னிருக்கும்."

"யார் ஓட்டியிருந்தாலுமா?"

"யார் ஓட்டியிருந்தாலும்."

பிடிதுணியால் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். நான் குனிந்து ஸ்பூனை எடுக்கிற சாக்கில் மேசைக்கு அடியில் பார்த்தேன். கால் அசையவில்லை. ஓட்டைத் தார்ப்பாயை மழை நாளில் விற்றவனெல்லாம் என்ன பெரிய வியாபாரி, என்னைப் போல ஒருவன் உண்டா என்று இருந்தது எனக்கு. இரண்டு நாள் கழித்து, ஐஸ் பெட்டி மேலிருந்த வெங்காயக் கூடையை அவளே இறக்கி வைத்தாள்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டியவன்தான். ஆனால் வாய் வார்த்தையில் முடிந்த விற்பனையை நாங்கள் விற்பனை என்று ஒப்புக்கொள்வதில்லை. வாங்குகிறவர் கண்ணால் பார்க்க வேண்டும். கடையில் நல்ல தார்ப்பாயை விற்க வேண்டுமென்றால் மட்டமானதைப் பக்கத்திலேயே விரித்து, ஒரே குடத்திலிருந்து இரண்டின் மேலும் தண்ணீர் ஊற்றுவோம். ஒன்று ஒழுகும், ஒன்று தாங்கும். வாயைத் திறக்கவே வேண்டாம். பழக்கம் கையோடு வந்துவிட்டது. பிரேக்கை மாற்ற வண்டியை விட்ட அன்று, முதல் காரியமாகச் சந்தேகத்தைக் கூட்டிக்கொண்டு மூடிக்கிடந்த கிடங்கின் பின்னாலிருந்த சிமெண்டுத் தளத்துக்குப் போனேன். அங்கே ஒரு மஞ்சள் கம்பம் உண்டு. பழைய பிரேக்கோடு ஒரே வேகத்தில் வந்து, கம்பத்துக்கு நேராக மிதிக்கச் சொன்னேன். வண்டி போய் நின்ற இடத்தில், டயருக்கு அடையாளம் போடும் சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு கிழிக்க வைத்தேன்.

"இதெல்லாம் எதுக்கு முதலாளி?"

"பக்கத்துல வெச்சுக் காட்டணும்பா."

"சந்தேகம்தான்" என்றான். அவன் எப்போதும் சொல்வதுதானே என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலை முடிந்த அடுத்த விடுமுறை நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சந்தேகமும் வந்திருந்தான். ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னால் மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். மறுக்கவில்லை. சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், நரம்பு தேடும்போது ஒரு கையைப் பிடிப்பாளே, அப்படி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தபோது அவளுடைய மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. வேகம் எடுத்தாள். மஞ்சள் கம்பம் வந்தது. மிதித்தாள்.

சீட் பெல்ட் என் நெஞ்சைக் கடித்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியதுபோல வண்டி நின்றது. கிறீச் என்ற சத்தம்கூட இல்லை. அவள் மூச்சை விட்டாள். உதட்டோரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அது சிரிப்பாக மாறுவதற்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி என்று எனக்குத் தோன்றியது.

"பாத்தியா?" என்றேன்.

இறங்கி வண்டிக்கு முன்னால் போனாள். நானும் இறங்கினேன். சந்தேகம் குனிந்து பம்பருக்கு நேர் கீழே இன்னொரு கோடு போட்டான். நான் சொல்லி வைத்தபடி செய்தான், பாவம். அவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

"அங்க இருக்கறது என்ன கோடு?"

எந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேனோ அதே கேள்வி. கடையில் குடத்தைச் சாய்க்கும்போது வரும் அதே குரல் எனக்கு வந்தது. "அது பழைய பிரேக். இதே வேகம், இதே கம்பம். அங்க போய்த்தான் நின்னுச்சு. இப்ப பாரு, இங்கயே."

அவள் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு நடந்தாள். திரும்பி நடந்து வந்தாள். ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம், கீழே வைப்பதற்குக் கேனுக்கும் இடம் இருக்கும், அவ்வளவு தரை நடுவே கிடந்தது. சந்தேகம் கையிலிருந்த சாக்பீஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் மிதிச்சே இங்க நின்னுடுச்சு" என்றாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் மெக்கானிக்கிடம் கேட்டாள். "இந்தப் பிரேக் இப்பத்தான் புதுசா வந்ததா? அன்னிக்கே கடையில கிடைச்சிருக்குமா?"

கையிருப்பு பற்றிய கேள்விக்கு நான் இமைக்காமல் எத்தனையோ பதில் சொன்னவன். நேத்துத்தான் கப்பலில் வந்து இறங்கியது என்று ஒரு வரி, அவ்வளவுதான். நான் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தேன். சந்தேகம் தலையைச் சொறிந்தான். இழுத்தான். கடைசியில், "ரொம்ப வருஷமா இருக்கும்மா" என்றான். "ஆனா யாரும் போடறதில்ல. யாருக்கும் அது தேவைப்படறதில்ல."

சரி என்பதுபோலத் தலையசைத்தாள். மெதுவாக நடந்து போய் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஒரு இடத்தில் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அரை அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"அவரு இங்க நின்னாரு."

வண்டியைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க ஒரு தடவை ஓட்டிட்டு வாங்க. கம்பத்துக்கிட்ட மிதிங்க. நான் பாக்கணும்."

"என்ன பேசற நீ?"

"இங்க வராதுல்ல? நீங்கதானே சொன்னீங்க. புதுக் கோட்டுலயே நின்னுடும்."

சந்தேகம் வண்டிக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். நான் அவளைத் தாண்டிப் போய்த் தூரத்துக் கோட்டைச் செருப்பால் தேய்க்க ஆரம்பித்தேன். சிமெண்டுத் தரை சொரசொரப்பாக இருந்தது. சாக்பீஸ் அழியாமல் பரவியது. கோடு தடித்து, பட்டையாகி, வெளுத்த கறையாகக் கிடந்தது. தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டி வரப்போகிற திசையையே பார்த்து நின்றாள். கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. உடம்பில் வேறெங்கும் அசைவில்லை. வலது கால் மட்டும், குதிகாலை ஊன்றிக்கொண்டு, சிமெண்டுத் தரையை மெல்ல மிதித்தது. விட்டது. மறுபடி மிதித்தது.