பதினோராம் வளைவு

இரண்டு நாளாகச் சக்திவேல் ஜீப்பில் பாட்டுப் போடவில்லை. ஏற்காடு மலையில் ஒண்டிக்கடைக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். பாட்டு இல்லாமல் அந்த வண்டி கிளம்பி யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் ட்ரிப்பையே விட்டுவிட்டு, கல்யாணங்காட்சிக்குப் போடும் சட்டையை எடுத்து மாட்டினான். சேலத்தில் இருக்கிற ஜப்பான் மொழிப் பள்ளிக்குப் போய் நியாயம் கேட்கப் போகிறானாம். “நீயும் வா, பாப்பாவையும் கூட்டிக்க” என்று மனைவி சுகுணாவிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். சுகுணா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்கு ஆள் அனுப்புகிற பள்ளி அது. சேருவதற்கு முன்னால், யார் எந்த வகுப்பிலிருந்து ஆரம்பிப்பது என்று பார்க்க ஒரு தேர்வு வைப்பார்கள். ஓரளவு தெரிந்தவர்களுக்கு மேல் வகுப்பு, ஐந்தே மாதத்தில் விமானம். தெரியாதவர்கள் எழுத்துப் பழகுவதிலிருந்து தொடங்க வேண்டும், கிளம்ப ஒன்றரை வருஷம் ஆகும். சுகுணாவுக்கு எழுத்து வகுப்பு என்று வந்துவிட்டது.

சக்திவேலால் இதைத் தாங்க முடியவில்லை. எஸ்டேட் லைன் வீட்டில் சிக்னல் கிடையாது. சாலையோரக் குகைபோல் கட்டி மாதா சிலை வைத்திருக்கிற மாதா கெபி வளைவில் மட்டும்தான் போனில் இரண்டு கோடு ஏறும். ஏற்காட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை பார்க்கும் மனைவியைக் கடைசி ட்ரிப்பில் ஏற்றிக்கொண்டு, மற்றவர்களை இறக்கிவிட்டு, மகள் கவியாவையும் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த வளைவுக்குத் திரும்பி வந்து ஓரங்கட்டுவான். பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுகுணா போனைப் பார்த்து ஜப்பான் பாடத்தை உரக்கச் சொல்லிப் படிப்பாள். அவன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்தால் ஐந்தாவது நிமிஷம் குறட்டை வரும். மழையோ பனியோ, ஒரு வருஷம் ஒரு நாள் தவறாமல் இப்படி நடந்தது. ஜீப்பில் ஏறியவர்களுக்கெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தன் சம்சாரம் ஜப்பான் பாஷை பேசுவாள் என்கிற செய்தி கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அதே ஆட்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்கள்.

அவனுக்குத் தெரியாத ஒன்று சுகுணாவுக்குத் தெரியும். தேர்வு சுலபமாகத்தான் இருந்தது. முப்பது கேள்வி, சரியான விடைக்குப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். கடைசியில் வந்த பத்தி ஒரு முதியோர் இல்லத்து அறிவிப்புப் பலகை: இன்று மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு, யாருக்கு எந்த மாத்திரை. தன் வேலையையே யாரோ வேறு எழுத்தில் எழுதி வைத்ததுபோல அவள் படித்து முடித்தாள். இன்னும் இருபது நிமிஷம் மிச்சமிருந்தது. அந்த இருபது நிமிஷம்தான் வினையாகப் போயிற்று.

இல்லத்தில் இருக்கும் முதியவர்களை வெளிநாட்டுப் பிள்ளைகள் வீடியோவில் கூப்பிடும்போது போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது சுகுணாதான். முதல் வருஷம் அவர்கள் போனில் தெரியும் முகத்தைப் பார்த்து அழுவார்கள். போகப்போகப் பார்வை போனை விட்டு நழுவிவிடும். போனைப் பிடித்திருக்கும் சுகுணாவின் கையைத் தடவிக்கொண்டே, “ம், ம்” என்று மட்டும் சொல்வார்கள். அந்த இருபது நிமிஷத்தில் அவளுக்கு நினைவு வந்தது அந்தக் கைதான். கவியாவுக்கு நாலு வயசு. ஐந்து மாதம் கழித்து அவளுக்கு யார் போனைப் பிடிப்பார்கள்? கவியா யார் கையைத் தடவுவாள்? ஒன்றரை வருஷம் கிடைத்தால் குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடும், அம்மா முகம் மனசில் பதிந்துவிடும் என்று ஒரு கணக்கு ஓடியது. சுகுணா ரப்பரை எடுத்தாள்.

புருஷனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜப்பான் பேச்சை முதலில் எடுத்தவளே அவள்தான். அவன் தலையசைக்கவே மூன்று மாதம் ஆயிற்று. இப்போது அவன் நியாயம் கேட்கக் கிளம்பி நிற்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

பள்ளியில் மரியசெல்வி டீச்சர் இருந்தாள். ஆறு வருஷம் ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு வந்து சொல்லிக்கொடுக்கிறவள். சக்திவேல் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

“ஏனுங்க டீச்சர், ஒரு வருசமாப் படிச்சவளைக் கொண்டுபோயி அரிச்சுவடியில உக்கார வெச்சா என்னங்க நாயம்?”

டீச்சர் சுகுணாவைப் பார்த்தாள். சுகுணா தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. டீச்சர் விதிமுறை, மதிப்பெண் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். தாளைக் காட்டாமல் நகரமாட்டேன் என்று அவன் நின்றான். வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

அவனுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பியவன் அப்படியே நின்றுவிட்டான். இல்லத்தில் மருந்துச் சீட்டு எழுதி எழுதிச் சுகுணாவுக்குப் பென்சிலை அழுத்திப் பிடிக்கிற பழக்கம். ரப்பர் கரியை மட்டும்தான் எடுத்திருந்தது. பென்சில் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. வரிசையாக, ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் அழித்த இன்னொரு வட்டத்தின் தடம்.

“இதாரு அழிச்சது?”

“அவங்களேதாங்க.”

“மொதல்ல போட்டதுங்க?”

“முப்பதும் சரிங்க” என்றாள் டீச்சர். “அவங்களுக்குத் தெரியாம இல்லீங்க. இன்னும் கெளம்பற மனசு வரலைன்னு தோணுச்சு, அதான் கீழ போட்டேன். வேணும்னா திங்கக்கெழமை மறுபடி எழுதட்டும்.”

சக்திவேல் தாளைப் பதனமாக மேசைமேல் வைத்தான். கத்துவான் என்று காத்திருந்தாள் சுகுணா. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டி அடிவாரம் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. பாட்டுப் போடவில்லை. முன் சீட்டில் சுகுணாவின் மடியில் இருந்த கவியாதான் வழக்கம்போல வளைவுகளை எண்ணத் தொடங்கினாள். மாதா கெபி வளைவில் அம்மா மடியில் தூங்கிப்போகும் முன் காதில் விழுந்த ஜப்பான் எண்கள். இச்சி, நி, சன் என்று ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது வளைவில் பனி இறங்கி, சாலையோரச் சில்வர் ஓக் மரங்கள் காணாமல் போயின. பத்தாவது வளைவில் “ஜூ” என்று கைதட்டினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பதினோராவது வளைவின் எண் பலகை வந்ததும் எப்போதும்போல மறுபடி “இச்சி” என்றாள்.

“இல்ல கண்ணு” என்றான் சக்திவேல், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஜூ இச்சி.”

சுகுணா திரும்பிப் பார்த்தாள். கியரை மாற்றி வளைவை முடித்துவிட்டு, அடுத்த பலகைக்கு “ஜூ நி” என்றான் அவன். உச்சரிப்பில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

“நீங்க தூங்கலீங்களா அப்போ?”

“பாதி நாளு தூங்குனேன்” என்றான். சிறிது தூரம் போனபிறகு, “நீ போனப்பறம் இவளுக்கு யாராச்சும் சொல்லித்தரோணுமில்ல” என்றான்.

திங்கட்கிழமைத் தேர்வைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. பனிக்குள்ளிருந்து பதின்மூன்றாவது பலகை மெல்லத் தெரிய ஆரம்பித்தது. அந்த எண் சுகுணாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கவியா அவளைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து பாதி நழுவி, அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் மட்டும், தன்னைப் பிடித்திருந்த அம்மாவின் கையைத் தடவிக்கொண்டிருந்தன.