இருபத்தேழு அங்குலம்

பெட்டியை அவள் வலது கையால் மட்டும் தூக்கி மேசைமேல் வைத்தாள். இடது கை, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை, ஒரு பட்டைக்குள் இருந்தது. தாழ்ப்பாள்களை ஒற்றைக் கையால் திறக்க அவள் திணறியபோது மாஸ்டர் உதவிக்குக் கை நீட்டினார், பாதியிலேயே இழுத்துக்கொண்டார். உள்ளே இருந்தது பதினான்கு மாதங்களுக்கு முன் அவரே செய்து கொடுத்த கிடார். தூசி துடைத்து, யாரையோ வைத்து ஏழு தந்திகளையும் புதிதாக மாட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

மின்சார கிடார் செய்கிறவர்கள் அந்த ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆறு தந்திக்கு மேல் வேண்டுமென்றால் எல்லோரும் கைகாட்டுவது மாஸ்டரைத்தான். கைகாட்டும்போதே ஓர் எச்சரிக்கையும் வரும்: "அவர் புடிச்ச முயலுக்கு மூணு கால், கிடாருக்கு ஏழு தந்தி. வாயக் குடுத்துடாத." ஏழாவது தந்திதான் இருப்பதிலேயே தடித்தது, எல்லாவற்றுக்கும் கீழே உறுமுவது. நீளம் குறைந்தால் அது தளர்ந்து, சகதியில் கால் வைத்த மாதிரிச் சத்தம் போடும் என்பது அவர் கட்சி. ஆகவே தந்தியின் நீளம் இருபத்தேழு அங்குலம். கழுத்து நல்ல தடிமன். அந்தக் கழுத்தையும் உடலோடு திருகாணி போட்டு முடுக்கக் கூடாது. தலையிலிருந்து வால்வரை ஒரே மரம் ஓட வேண்டும், உடலை இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்ட வேண்டும். "திருகாணி போட்டா அது கிடார் இல்ல, அலமாரி" என்பார்.

அவள் முதல்முறை கேட்டு வந்தது வேறு. ஹோட்டல் மேடைகளில் வாரத்துக்கு ஐந்து நாள் வாசிப்பவள், தன் கை அளவு தெரிந்தவள். இருபத்தைந்தரை அங்குலம், மெலிந்த கழுத்து, திருகாணி என்று காகிதத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். மாஸ்டர் அதைப் படித்து, மடித்து, அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். கடைசியில் அவள் சிரித்துவிட்டு, "சரி மாஸ்டர், உங்க இஷ்டம்" என்றாள். மூலையில் உட்கார்ந்து, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, அவள் போன பிறகு ஒன்றுதான் சொன்னாள்: "அந்தப் பொண்ணு கை சின்னதுங்க." அவர் காதில் விழாத மாதிரி மரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிடாரை வாங்கிப் போன மூன்றாம் மாதம் அவள் போன் செய்தாள். மணிக்கட்டு வலிக்கிறது, ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது என்றாள். "பழகப் பழகச் சரியாயிடும்மா. கைதான் கிடாருக்கு வளையணும்." அன்று சொன்னது இப்போது சொல்லுக்குச் சொல் அவர் ஞாபகத்துக்கு வந்தது.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"நரம்பாம். ஆபரேஷனும் பண்ணியாச்சு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிள்ளினாக்கூடத் தெரியல." பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள். "கிடாராலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம். இல்லன்னும் சொல்ல மாட்டேங்குறாரு. சின்ன கழுத்தா, நீளம் கம்மியா இருந்தா, மிச்ச விரல வெச்சு ஒரு பத்து நிமிஷம் வாசிச்சுப் பாக்கலாம்னாரு. இதையே மாத்த முடியுமா மாஸ்டர்?"

அவர் கிடாரைக் கவிழ்த்தார். கழுத்து உடலுக்குள் இறங்கும் இடத்தில் கட்டைவிரலை ஓட்டினார். மூட்டே தெரியாது, அந்த இடத்தை எத்தனையோ பேரிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறார். சீவலாம் என்றால், கழுத்து வளையாதிருக்க உள்ளே பதித்த இரும்பு வெளியே வந்துவிடும். கழற்றலாம் என்றால் கழற்ற எதுவும் இல்லை. நாலு திருகாணி இருந்திருந்தால் இந்தக் கழுத்தை எடுத்துவிட்டு, சின்னதாக வேறொன்றைப் பூட்டி, தந்திகள் உட்காரும் பாலத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தியிருக்கலாம். ஒரு வார வேலை.

"முடியாதும்மா."

"திருகாணி கேட்டிருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. மூலையில் கம்பி சுற்றும் சத்தம் நின்றது.

"வேற ஒண்ணு செஞ்சு தரேன். நீ எழுதின அளவுலயே. எதுவும் தர வேணாம்."

"வேணாம் மாஸ்டர். நீங்க செஞ்சா அது நீங்க நெனச்ச மாதிரிதான் வரும்." பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "இத வித்துக் குடுங்க, போதும். பெரிய கையா பாத்துக் குடுங்க. வர்றப்ப எனக்குச் சொல்லுங்க, நானும் இருக்கணும்."

ஏன் என்று கேட்காமல் அவர் பெட்டியின் தாழ்ப்பாள்களைப் போட்டார்.

பத்து நாள் கழித்து ஒருவன் வந்தான். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி ஓட்டுகிறவன். விடுமுறை நாளில் நண்பர்களோடு சேர்ந்து காது கிழிய வாசிப்பவன். அவனுடைய உள்ளங்கைக்குள் அந்தக் கழுத்து துடைப்பக்கட்டை மாதிரி அடங்கியது. அவள் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரென்று மாஸ்டர் சொல்லவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவன் ஏழாவது தந்தியைத் தட்டினான். பிறகு மெதுவாக, கீழ்ச் சுரத்திலிருந்து மேலே விரலால் நடந்தான். சகதி இல்லை. ஒவ்வொரு சுரமும் செதுக்கி அடுக்கிய கல்லாகத் தனித்தனியே வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாஸ்டர் அன்று அரை மணி நேரம் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய்த்திருக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பாதியில் எழுந்து, தேவையே இல்லாமல் உளிகளை ஒழுங்குபடுத்தினார். அவர் மனைவி அவரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிங்க இருக்கு?" என்று அவன் பொதுவாகக் கேட்டான்.

அவள்தான் பதில் சொன்னாள். "வாங்கிக்குங்க. இதுல கொறை சொல்ல ஒண்ணும் இல்ல."

பேரம் எதுவும் நடக்கவில்லை. அவன் பெட்டியோடு கிளம்பியபோது அவளும் எழுந்து பின்னாலேயே போனாள். மாஸ்டர் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் அவனுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் கழுத்து எந்தப் பக்கம் வளையும், தந்தியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இப்படி ஏதாவது இருக்கும். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். இன்ஜினைப் போட்ட பிறகும் அவள் பேசினாள். அவன் அதை அணைத்துவிட்டுக் கேட்டான். மறுபடி போட்டான்.

வண்டி போய்விட்டது. அவள் சாலையோரத்திலேயே நின்றாள்.

"போய்க் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

அவர் கைப்பிடியைப் பிடித்தார். திறக்கவில்லை. ஒரு பஸ் வந்து எதிரில் நின்று அவளை மறைத்தது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு கிழவர் மூச்சிரைக்க ஏறினார். பஸ் நகர்ந்தது. அவள் அதே இடத்தில், வண்டி போன பக்கமே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.