இடது சீட்டுக்கு எத்தனை கிலோ

சனிக்கிழமை காலை விமானத்தில் ஜெபமலர் வருகிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் காரின் சத்தத்தை நிறுத்தியாக வேண்டும். என் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

என் மனைவி கனடாவில் மகன் அஜின் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகின்றன. பேரன் பிறந்த சமயம், ஆறே மாதம் என்று சொல்லித்தான் போனாள். பிறகு குளிர் போகட்டும் என்றார்கள். பிறகு மருமகள் ஆர்ஷாவுக்கு வேலை நிரந்தரமாகட்டும் என்றார்கள். மராமத்து ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒரு ஃபைலை எப்படியெல்லாம் தள்ளிப் போடலாம் என்று எனக்கே பாடம் நடத்தினார்கள்.

அவளை ஏர்போர்ட்டில் கொண்டுவிட்ட அன்றே காரின் அடியில் சத்தம் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு ‘டொக்’.

“அஜினுக்க அப்பா, எனக்க நடுமுதுகு ஒடியுது. நான் திரும்பி வரும்போதும் இந்தச் சத்தம் கிடந்தா ஆட்டோ பிடிச்சுப் போயிருவேன், பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

நான் சரிசெய்யவில்லை. ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எடுப்பதோடு சரி, மற்ற நாளெல்லாம் வள்ளக்கடவு வீட்டு வாசலில் கடற்காற்றைத் தின்றுகொண்டு நின்றது. காரைச் சொல்வானேன், என் கதையும் அதுதான். உடைத்த தேங்காயில் அரை மூடிதான் எனக்குச் செலவாகும், மீதி அரை மூடி புளித்துப் போகும். தனியாக இருப்பது கொடுமை. யாராவது கேட்டால் பரம சுகம் என்பேன்.

டிக்கெட் போட்டாச்சு என்று அஜின் இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தான். அவள் வருகிற வாரம் பிறந்ததும் வண்டியை ஆரியசாலையில் ஜெயனிடம் கொண்டுபோனேன். ஜெயன் விதுராக்காரன், பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவான். மண்டிகளுக்குப் பின்னால் ஒரு குழி, ஒரு தகரக் கூரை, அதுதான் ஒர்க்‌ஷாப். குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தான்.

“சாரே, சப்ஃப்ரேம் புஷ் எல்லாம் துரு கேறிப் போச்சு கேட்டோ. ரப்பர்னு பேருக்குக்கூட இல்ல.”

இன்ஜினையும் முன் சக்கரங்களையும் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்குத்தான் சப்ஃப்ரேம் என்று பெயராம். இரும்பும் இரும்பும் முட்டாமல் இருக்க நடுவில் ரப்பர் வைத்த வளையங்கள், அவைதான் புஷ். ரப்பர் செத்ததும் இரும்பு நேரே இரும்போடு பேசத் தொடங்கிவிட்டது. இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் போல்ட் அசையவில்லை. மூன்றாம் நாள் காஸ் வைத்துச் சூடாக்கினான். ஒரு போல்ட் பாதியில் முறிந்தது. அதற்கு ஜெயன் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பழைய புஷ்ஷை அவன் என் கையில் வைத்தபோது சிவந்த பொடியாக உதிர்ந்தது. என் சட்டைப்பையைக்கூட அது விட்டுவைக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் புதிய புஷ் எல்லாம் ஏறிவிட்டன. கடைசி முறுக்கு மட்டும் பாக்கி. வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தித்தான் இறுக்க வேண்டும் என்பது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். ஜெயன் சட்டம் அதற்கும் ஒரு படி மேலே. வண்டியில் வழக்கமாகப் போகிற ஆட்கள் அவரவர் சீட்டில் உட்கார வேண்டும். வராத ஆளுக்கு மண்டித் தராசில் அதே எடைக்குச் சாக்கு நிறுத்து வைப்பான்.

“ஆளு இருக்கிற இருப்புலதான் ரப்பர் நேரா நிக்கணும் சாரே. இல்லன்னா சதா முறுகிட்டே நிக்கும். வேகமா கிழிஞ்சு போகும்” என்றான். “வண்டியில ஸ்திரமா யாரெல்லாம்?”

“நானும் எனக்க வீட்டுக்காரியும்.”

“சேச்சி எத்தனை கிலோ?”

போகும்போது அறுபத்தாறு. ஆனால் இரண்டு வருஷம் ஆகிவிட்டதே. ஒரு கிலோ கூடக் குறைய இருந்து, அதனால் சத்தம் வந்து, அவள் ஆட்டோவில் ஏறிவிட்டால்? அங்கே காலை ஏழரை இருக்கும். போன் போட்டேன்.

“ஜெபா, நீ இப்போ எத்தன கிலோ இருக்க?”

“என்னது?”

“எத்தன கிலோன்னு கேட்டேன்.”

“காலங்காத்தால என்ன கேள்வி இது? சுகமா இருக்கியளா?”

“காரில புஷ் முறுக்கணும். உனக்க பாரத்தை வச்சுத்தான் முறுக்கணுமாம். சனிக்கிழமை நீ இடது சீட்டில இருப்பேல்லா, சத்தம் வரப்பிடாது.”

மறுமுனையில் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

“அஜினுக்க அப்பா,” என்றாள். “டிக்கெட்டைக் கான்சல் பண்ணியாச்சு. போன மாசமே. ஆர்ஷாவுக்கு ரெண்டாவது பிள்ளை உண்டாயிருக்கு. அவன் சொல்லுவான்னு நான் இருந்தேன், நான் சொல்லுவேன்னு அவன் இருந்தான். நீங்க காரெல்லாம் பணி செய்யுதீங்கன்னு எனக்குத் தெரியாது.”

எனக்குக் கோபம் வந்தது. போன மாதமே தெரிந்தும் நாலு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகம் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டதைக் காட்டியிருக்கிறேன். நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது இதுதான்:

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“அம்பத்தெட்டு,” என்றாள். “போன வாரம் ஆஸ்பத்திரியில பாத்தது.”

“நல்லா தின்னுதியா?”

“தின்னுதேன்” என்றாள். பிறகு அழுதாள். நான் போனை வைத்துவிட்டேன்.

எட்டுக் கிலோ. எட்டுக் கிலோ ஜெபமலர் அந்தக் குளிரில் எங்கே போனாள்? அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள், வீடு நிறைய ஆள், எனக்குத்தான் யாருமில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுக்கும் அங்கே அரை மூடி புளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

குழிக்குள்ளிருந்து ஜெயன் தலையை நீட்டினான். எல்லாம் அவன் காதிலும் விழுந்திருக்கும்.

“சேச்சி வரல்ல, அல்லே?”

“வரல்ல.”

“எப்போ?”

“அவளுக்கே தெரியாது.”

கையைத் துணியில் துடைத்தான். பாவம், நல்லதைத்தான் சொன்னான். “அப்போ சார் மட்டும் இருந்தா மதி. சாக்கு வேண்டாம். ஒற்றை ஆளுக்கு முறுக்கித் தரேன், பத்து வருஷம் கிடக்கும்.”

“உன்கிட்ட யாரு கேட்டா?” என்று கத்தினேன். மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அம்பத்தெட்டு கிலோ. தராசில நிறுத்து கொண்டுவா.”

“சாரே, ஆளில்லாம ஓட்டினா இடது பக்கத்து ரப்பர் எப்பவும் முறுகிட்டே—”

“முறுகட்டும்.”

அவன் ஒரு சாக்கு அரிசியும், ஒரு பையில் புளியுமாக நிறுத்துக் கொண்டுவந்து இடது சீட்டில் வைத்தான். நான் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தேன். காலுக்குக் கீழே ஸ்பேனர் ‘கிர்ர்’ என்று இழுபட்டது. ஆறு போல்ட். அத்தனை நேரமும் சாக்கின் மேல் ஒரு கையை வைத்திருந்தேன். புளி வாசம் அடித்தது.

முடிந்ததும் ஜெயன் முதலில் பையை எடுத்தான், பிறகு சாக்கை. வண்டியின் இடது பக்கம் ஒரு விரற்கடை மேலே எழும்பியது. எனக்கு அது உடம்பிலேயே தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எல்லாக் குழியிலும் வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. கேட்டைத் திறக்க இறங்கியபோது போனில் அவள் எழுதியது வந்து கிடந்தது.

“முறுக்கியாச்சா?”

“ஆச்சு” என்று எழுதினேன். கேட்டைத் திறந்துவிட்டு, இன்னொன்றும் எழுதி அனுப்பினேன். “அம்பத்தெட்டுக்குத்தான் முறுக்கியிருக்கு. இனி குறையாதே.”