அசனப் படத்தில் ஒரு நாய்

"அந்த நாய மட்டும் அழிச்சிருங்க சார்" என்றாள் சாலோமி.

எனக்குச் சுள்ளென்று வந்தது. பத்து மாதம் உயிரைக் கொடுத்து வரைந்த படம். எங்கள் சபையின் அசன விருந்து, ஒரு சுவர் அகலத்துக்கு. பந்தியில் ஊரே சிரிக்கிறது. நடுவில் சோற்று வாளியோடு சாலோமி, வாயெல்லாம் பல்லாக. ஆலயத்துக்குப் பின்னால், படத்தின் மூலையில், அதே பச்சைச் சேலையில் மறுபடியும் அவள். குனிந்து ஒரு நாய்க்குச் சோறு வைக்கிறாள். மொத்தப் படத்திலும் உருப்படியாக வந்தது அந்த நாய்தான்.

போன வருஷ அசனத்தில் கண்ணால் பார்த்தது அது. பந்தி முடிந்ததும், வர முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்குவாளியில் சோறும் கறியும் கொடுத்துவிடுவார்கள். சாலோமி மகன் ஷிபினுக்கென்று கேட்டு வாங்கினாள். "பரீட்சைக்குப் படிக்குதான், வெளியவே வர மாட்டேங்கான்" என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அதை அப்படியே நாய்க்கு இலையில் கொட்டினாள். வேடிக்கையாக இருக்கிறதே என்று நானும் கிறுக்கி வைத்தேன். மடையன்.

"நாளைக்குத் திரை திறக்கணும். இப்போ வந்து அழின்னா எப்படிம்மா?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ஷிபின் வீட்டுல இல்ல சார். போன அசனத்துக்கு முன்னாடியே போயிட்டான். ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனான். எங்கன இருக்கான்னே தெரியாது. யார்ட்டயும் சொல்லல. அவனுக்குச் சோறு வாங்காட்டா ஏன்னு கேப்பாங்க. வீட்டுக்குக் கொண்டுபோனா, அந்தச் சோத்த வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

எல்லாவற்றையும் பார்க்கிறவன் என்று இருபது வருஷமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். வெட்கமாக இருந்தது. நாயை அழித்தேன்.

"சும்மா விட்டா இலையில சோறு கெடக்கே சார். அங்கன அவன வரைஞ்சிருங்க. சாப்பிடுத மாதிரி."

முகம் எனக்குக் கைவரவில்லை. முதுகை மட்டும் வரைந்தேன்.

"முடி இன்னும் கொஞ்சம் வைங்க. வெட்டவே மாட்டான்" என்றாள். சொன்ன பிறகுதான் அழுதாள்.

மறுநாள் அசனம். குருவானவர் திரையை விலக்கினார். பக்கத்து வீட்டு டெபோரா மூலையைக் காட்டிக் கத்தினாள்: "ஏட்டி, ஒம்மவன்தான அது? படத்துலயாவது வெளிய வந்தானே!"

கூட்டம் சிரித்தது. சாலோமி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

பந்தி முடிந்ததும் தூக்குவாளியை நீட்டினாள். "ஷிபினுக்கு" என்றாள். படிக்கிற பிள்ளை என்று பரிமாறுகிறவர் இரண்டு துண்டு கறி கூடப் போட்டார். அவள் வாளியை மூடிக்கொண்டு ஆலயத்தின் பின்பக்கம் போனாள். அங்கே அந்த நாய் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது.