சக்கரம் அசையும் முன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை, போன கதையால் வந்த வினை. அதில் விமானம் மலையில் மோதியது. அப்பா படித்துவிட்டார். (என் கதையைக் கடைசிவரை படித்த ஒரே வாசகர். சந்தோஷப்படக்கூட வழியில்லை.) மறுநாள் அக்கா முதல் தடவை கேப்டனாக ஓட்டப்போகிறாள், அப்பாவுக்கு ஜன்னலோர சீட். "நான் வரல" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

"நீ கெடுத்தத நீயே சரி பண்ணு. அவர் ஏறுற மாதிரி ஒரு கதை எழுது" என்றாள் அக்கா.

அப்பாவின் கதவோரமே உட்கார்ந்தேன்.

2

இடி முழங்க, விமானம் ஓடுபாதையை நோக்கிச் சீறி—

"நிறுத்துடா. உன் கேப்டன் கிளியரன்ஸ் வாங்கினாளா?"

"கதைதானேக்கா."

"கதைன்னா? இவ்ளோ கூட்டமான ஏர்போர்ட்ல அது இல்லாம சக்கரம் அசையாது. எந்த ஊர், எந்த வழி, எவ்ளோ உயரம்னு டவர்லேருந்து கண்ட்ரோலர் சொல்வாரு. அவ அப்படியே திருப்பிச் சொல்லணும். அவர் சரின்னா மத்தது."

விமானத்தைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தேன்.

3

கேப்டன் உயரத்தைத் தப்பாகத் திருப்பிச் சொன்னாள். விதி சிரித்—

"கண்ட்ரோலர் திருத்திடுவாரு. அதுக்குத்தான் திருப்பிச் சொல்றதே."

நல்ல விபத்து ஒன்று வீணாயிற்று.

"முழு வழியும் இப்பவே எதுக்கு? போகப்போகக் கேட்டுக்கலாமே?" (நான் அப்படித்தான் எழுதுவேன். போன கதையின் மலைகூட, பக்கம் தீர்ந்தபோது கைவசம் இருந்தது.)

"மேகத்துக்குள்ள ரேடியோ செத்துப்போனா யாரக் கேப்ப? எறங்கற வரைக்கும் வழி கையில இருக்கணும்."

கதவு திறந்தது.

"இத ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?" என்றார் அப்பா.

"இப்ப சொன்னேன்ல? திருப்பிச் சொல்லுங்க."

அப்பா தொண்டையைச் செருமினார். "ரேடியோ போனாலும் எம் பொண்ணுக்கு வழி தெரியும்."

"சரி" என்றாள் அக்கா. குரல் கம்மியது. (இந்த வரியை அடித்துவிடச் சொன்னாள். அடிக்கவில்லை.)

4

மறுநாள் விமான சீட்டிலிருந்து அப்பா போனில் கூப்பிட்டார்.

"டேய், ஏறிட்டேன். உன் கதையில அவ எறங்கிட்டாளா?"

"இன்னும் கெளம்பவே இல்லப்பா."

"மொதல்ல எறக்கு. அப்புறம் கெளப்பு."

நல்லவேளை, போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.

என்னிடம் மூன்று முடிவுகள் உண்டு; மூன்றிலும் ஏதாவது ஒரு மலை வந்து நிற்கிறது. ஆகவே கண்ட்ரோலர் நாற்காலி உங்களுக்கு. எந்த ஊர், எந்த வழி, எவ்வளவு உயரம்? சொல்லுங்கள், ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்கிறேன். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். ஜன்னலோரத்தில் அப்பா இருக்கிறார்.