பலகையை மிதித்த கால்

1

எனக்கு வரவேண்டியது பதினெட்டாயிரத்து ஐந்நூறு நைரா. இந்தக் கதை அந்தக் காசிலிருந்துதான் கிளம்பியது.

அசாபாவில் சிமெண்ட் கல் சுமப்பவன் நான். காது கேட்காது. எழுத்துப் படித்ததே முப்பத்தெட்டு வயதில். காது கேளாத கொத்தனார் ஒருவனைப் பற்றிப் படமெடுக்க உசோமா மேடம் வந்தார். நடிக்க வந்தவனோ காது கேட்கிறவன். அவனுக்குச் சைகை சொல்லிக்கொடுக்கப் பேசிய கூலி அது. ஒன்பது நாள் சொல்லிக்கொடுத்தேன். 'அம்மா செத்துவிட்டாள்' என்று அவன் கையால் சொன்னால், ஆட்டுக்கு விலை பேசுவது போலிருந்தது.

மேடத்துக்கு எழுதிக்கொடுத்தேன்: "எங்க வேஷத்த எங்க ஆளுதான் கட்டணும்."

(எங்க ஆள் என்று எழுதியது என்னை நினைத்து. முதல் பிரதியில் இதை மறைத்திருந்தேன்.)

மேடம் ஒத்துக்கொண்டார். வேஷம் ஒபியோராவுக்குப் போனது. என்னோடு கல் சுமப்பவன். அவனுக்கும் காது கேட்காது, எழுத்தும் தெரியாது. "கத்துக்க ஆளே இல்லியே, எதுக்குக் கூலி?" என்று படக் கம்பெனிக் கணக்கர் கைபேசியில் தட்டிக் காட்டினார்.

2

'ஒபியோரா என் உயிர் நண்பன். அவன் உயர்ந்தபோது என் உள்ளம்—'

பொய். வயிறு எரிந்தது.

'ஒபியோரா சுமாராகத்தான் நடித்தான்.'

இதுவும் பொய். அவன் கை பேசினால் விளக்குப் பிடிக்கிறவர்கள்கூட வேலையை மறந்து பார்த்தார்கள்.

"என்னடா, மூஞ்சி ஊறவச்ச மரவள்ளிக் காரி மாவு மாதிரி புளிச்சுக் கெடக்கு?" என்று கையால் கேட்டான்.

"வெயிலுங்க, நடிகரே."

"நடிகர்னு தெரியுதில்ல? ஒரு சல்யூட் அடி."

"கல்லு தூக்குற கைடா. அடிச்சா தாங்கமாட்ட."

அவன் சிரித்தான்.

3

'தொடங்கு' என்ற குரல் அவனுக்குக் கேட்காது. ஆகவே அவன் வெறுங்காலோடு நிற்கும் பலகையின் மறுமுனையை நான் மிதிப்பேன். ஒரு மிதி, தொடங்கு. இரண்டு மிதி, நிறுத்து. என் புது வேலை இது.

நேற்றைய காட்சியில் முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்; அவன் திரும்பக் கூடாது. டிரைவரின் கை ஹாரனை அழுத்துவதைப் பார்த்தேன். அதே நொடியில் இரண்டு மிதி.*

அவன் திரும்பினான். ஹாரன் சத்தத்தில் மிதித்த சத்தம் ஒருவருக்கும் கேட்டிருக்காது.

"ஒங்காளுக்கு நல்லா காது கேக்குது. ஏமாத்திட்டான். நாளைக்குப் பழைய நடிகர் வர்றாரு" என்று கைபேசியைக் காட்டினார் கணக்கர். மேடம் என் முகத்தையே பார்த்தார்.

"நீதானடா மிதிச்ச? எழுதிக் காட்டேன்டா" என்றான் ஒபியோரா.

இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். எங்களுக்குள் அதைவிடப் பெரிய மௌனம் கிடையாது.

* 'கால் தவறிப் பட்டது' என்று மூன்று தடவை எழுதி அடித்தேன். கால் தவறவில்லை.

4

ஒரு முடிவு: பழைய நடிகன் வருகிறான், என் கூலியும் வருகிறது. (இதைத்தான் முதலில் எழுதினேன். பேனா நன்றாக ஓடியது.)

இன்னொன்று: வேஷம் எனக்கே கிடைத்து, நான்— வேண்டாம்.

மிச்ச முடிவு என் கையில் இல்லை. உசோமா மேடம், இந்தத் தாள்கள் உங்களுக்குத்தான். யாரோ போல உங்களைப் பற்றி எழுதியதற்கு மன்னியுங்கள். நேராக எழுதத் தைரியம் வரவில்லை. அவனைப் பலகையிலிருந்து இறக்கி மண்ணில் நிறுத்துங்கள். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிறகு ஹாரன் அடித்துப் பாருங்கள்.

பதினெட்டாயிரத்து ஐந்நூறு எனக்கு வேண்டாம். முதல் வரியை அடித்துவிட்டு வாசியுங்கள்.